சாவி என் இடுப்பில் இருந்த வருடங்கள்

அன்புள்ள மகன் சார்லஸுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் கிடைத்தது. தபால்காரர் தெருமுனையிலேயே என்னைப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். தருமபுரியில் தண்ணீர் உப்பாக இருக்கிறது, ரூமில் கூட இரண்டு பேர் இருக்கிறார்கள், மெஸ் சாப்பாடு பரவாயில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாய். நடுவில் ஒரு நாலு வரி. கிராமத்தில் புதிதாகக் கட்டப்போகிற பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நீதான் வரைபடம் போட்டாயாம். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, கழிப்பறை வரிசையைச் சிவப்புப் பென்சிலால் அடித்தாராம். "இதெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம், பொண்ணுங்க வீட்டுக்குப் போயிட்டு வரட்டும்" என்றாராம். ஆபீசே சிரித்தது, நானும் சிரித்தேன் என்று முடித்திருந்தாய். 'நானும் சிரித்தேன்' என்ற இடத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்ததில், ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நின்று போனதுகூடத் தெரியவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ சிரித்தது உன் தப்பு இல்லை, என் தப்பு. உனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். நம் ஒற்றை அறை வீட்டில் கொடிக்கயிறு ஒன்றுதான். அதில் உன் சட்டைக்கு அடியில் ஒளித்து ஒரு துணியைக் காயப்போட்டிருந்தேன். நீ சட்டையை உருவியபோது அது கீழே விழுந்தது. "இது என்னம்மா?" என்று கேட்டாய். பளாரென்று ஓர் அடி வைத்தேன். அதன்பிறகு நீ கேட்கவே இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு எழுதப் படிக்க, சைக்கிள் விட, பூசையில் முழங்கால் போட எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இதை மட்டும் சொல்லவில்லை. துவாக்குடியில் ஐந்து வருடம் படித்து எஞ்சினியராகி வந்த பிள்ளை, ஒரு சிவப்புக் கோட்டைப் பார்த்துச் சிரித்தால், அந்தச் சிரிப்பில் என் அடியும் இருக்கிறது. ஆகையால் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். எட்டாவது படித்த ஆயா இவ்வளவு நீளமாக எழுதுவாளா என்று ஆச்சரியப்படாதே. ஒன்பதாம் வகுப்பு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருடக்கணக்கில் தமிழ்ப் பாடம் கேட்டவள் நான்.

உன் அப்பா தவறிப்போனபோது உனக்கு மூன்று வயது. ஸ்ரீரங்கத்தில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. மணி அடிக்க வேண்டும், பானைகளில் குடிதண்ணீர் நிரப்ப வேண்டும், சர்க்குலரை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோக வேண்டும். அத்தோடு கழிப்பறைச் சாவியும் என் பொறுப்பு. அத்தனை பிள்ளைகளுக்கும் சேர்த்து இரண்டே அறைகள். அடைத்துக்கொள்கிறது, தெருவில் போகிறவர்கள் வந்து போகிறார்கள் என்று யாரோ எப்போதோ பூட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே குழாய் கிடையாது. மைதானத்துக்கு அந்தக் கோடியில் இருந்த அடிபம்பில் அடித்து, இரண்டு வாளியாக நான்தான் சுமந்து வந்து ஊற்ற வேண்டும். ஒரு பெண் போய் வந்தால் எனக்கு ஒரு நடை. அதனால் சாவியைக் கேட்டால் சுலபத்தில் கொடுக்க மாட்டேன். "இன்டர்வல்ல வா", "இப்பத்தானே போன", "அடக்கிக்கப் பழகு" என்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சாவி என் இடுப்பில் தொங்கியதில் எனக்கு ஒரு மிடுக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எனக்கு வேலை சொல்கிறவர்கள். சாவிக்காக மட்டும்தான் ஒருவர் என் முன்னால் வந்து நின்று கெஞ்சினார்.

நீ ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், ஐப்பசி மாதம். மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் மலர்க்கொடி என்று ஒரு பெண். மேலூரிலிருந்து வாழைக் கொல்லைகள் வழியாக நடந்தே வருவாள். வாய் திறந்து பேச மாட்டாள், ஆனால் செய்யுளை ஒரு தடவை கேட்டால் ஒப்பித்துவிடுவாள். ஒரு நாள் முதல் பீரியடில் வந்து, "ஆயாம்மா, சாவி" என்றாள். இன்டர்வல்ல வா என்றேன். இன்டர்வலில் பெரிய வரிசை. அவள் முறை வருவதற்குள் மணி அடிக்கிற நேரம் வந்துவிட்டது, பூட்டிக்கொண்டு போய்விட்டேன். சாப்பாட்டு வேளையில் எங்கே போனேனோ நினைவில்லை. மத்தியானம் முதல் பீரியடில் மறுபடியும் வந்து நின்றாள். பக்கத்தில் எட்டாம் வகுப்பின் ஜன்னல் திறந்திருந்தது. நான் குரலை உயர்த்தி, "காலையிலேருந்து சாவி, சாவின்னு நிக்கிறியே, அப்படி என்ன வேலை உனக்கு அங்க?" என்றேன். ஜன்னலுக்குள் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் கடைசி மணி அடித்து எல்லோரும் போன பிறகு, ஜன்னல் சாத்த அந்த வகுப்புக்குப் போனேன். மலர்க்கொடி மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "எந்திரி, பூட்டணும்" என்றேன். எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை அதட்டினேன். எழுந்தாள். பெஞ்சைப் பார்த்தேன். அவளுடைய பாவாடையைப் பார்த்தேன். சார்லஸ், அந்த இடத்தில் எந்தத் தாயும் செய்யக்கூடிய ஒன்றை நான் செய்திருக்கலாம். என் முந்தானையைக் கிழித்துக் கொடுத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ் போய்விடும், உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன், இனிமேல் இதை வேறு கழுவ வேண்டுமா என்ற எரிச்சலில், வாளியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். "கழுவிட்டுப் போ" என்றேன். அவள் தாவணித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சைத் துடைத்துத் துடைத்துக் கழுவினாள். அழவில்லை. புத்தகப் பையைப் பின்பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டு மழையில் போனாள்.

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. காலையில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அந்தப் பெயருக்குப் பதில் வராத இடைவெளி, வாசலில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு நாளும் கேட்டது. ஒரு நாள் டீச்சர், "இந்தப் பொண்ணு வருமா வராதா? பேரை எடுத்துடலாமா?" என்றார். மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு பெண் எழுந்து, "அவளுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்க டீச்சர்" என்றாள். அன்றைக்கு மணி அடிக்க நேரம் தவறிவிட்டேன். பெரிய டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸை நாங்கள் எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு மேலூருக்குப் போனேன். விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். மலர்க்கொடியின் அம்மா வாசலில் உட்கார்ந்து வாழையிலைகளைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூல் ஆயா என்றதும் எழுந்து நின்றுவிட்டார். நடந்ததைச் சொன்னேன். வாளியையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவரோ இலையைச் சுருட்டியபடியே, "அவ ஒன்னும் சொல்லலை அக்கா. வந்து படுத்தா, இனிமே போகலைன்னா, அவ்வளவுதான். மழையா இருந்துச்சா, அலசிப்போட்ட துணி ஒன்னும் காயலை. இருந்த ஒரே துணியக் குடுத்துத்தான் அனுப்புனேன். அது எவ்வளவு நேரம் தாங்கும்? அவங்க அப்பாவும், படிச்சது போதும்னு சொல்லிட்டாரு" என்றார்.

உள்ளே போய் மலர்க்கொடியின் முன்னால் உட்கார்ந்தேன். "நான் செஞ்சது தப்பு. உன் கால்ல விழணும்னாலும் விழறேன்" என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஸ்கூல் புடிக்கும் ஆயாம்மா. உங்க சாவின்னாத்தான் பயம்" என்றாள். பிறகு, "மாசத்துல அஞ்சு நாள் வராம இருந்துட்டு, மத்த நாள் மட்டும் வந்தா பெரிய டீச்சர் விடுவாங்களா?" என்று கேட்டாள். சலுகை கேட்பதுபோலக் கேட்டாள். "ஒரு நாள்கூட நிக்க வேணாம், நான் ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன ஏற்பாடு என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்துப் பெண்மணி. மடிசாரும் கண்ணாடியுமாக நிமிர்ந்து உட்கார்ந்தால், வாத்தியார்களுக்கே பேச்சு வராது. வேலை போய்விடும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்டார். பிறகு, "கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன்.

"உன்னை வேலையை விட்டு அனுப்பினா அந்தக் குழந்தை திரும்பி வந்துடுவாளா?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எங்காத்துல தூரம்னா மூணு நாள் கொல்லைப்பக்கத்து ரூம்ல ஒக்காந்துக்கணும். புஸ்தகத்தைக்கூடத் தொடப்படாது. மாசம் மூணு நாள் எனக்குப் பாடம் கிடையாது. அல்ஜீப்ரா ஆரம்பிச்சது அந்த மாதிரி ஒரு மூணு நாள்ல. நான் ஹெட்மிஸ்ட்ரஸ். இன்னிக்கும் எனக்கு அல்ஜீப்ரா வராது. யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றார். பிறகு கையை நீட்டி, "சாவியைக் குடு" என்றார். அவிழ்த்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே பூட்டைக் கழற்றச் சொன்னார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட ஆசாரியை வரவழைத்தார். நகராட்சிக்கு எழுதி எழுதி, அடுத்த கோடைக்குள் கழிப்பறைக்குள்ளேயே ஒரு குழாயும் வந்துவிட்டது.

துணிக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. மருந்துக்கடையில் நாப்கின் என்று விற்றதை எங்கள் பிள்ளைகளில் யாரும் கண்ணால் கண்டதில்லை. வீட்டில் கிழிந்த சேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம் தெருமுனை ஜவுளிக்கடை பாயிடம் போய், மல் துணியில் விற்காத துண்டுகள் இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். எதற்கு என்று சொல்ல வாய் வராமல் நின்றேன். அவர், "எதுக்குன்னு சொல்ல வேணாம்மா. எங்க வீட்ல நாலு பொம்பளைப் புள்ளைங்க இருக்கு" என்று சொல்லி ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார். பெரிய டீச்சர் தன் வீட்டிலிருந்து பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்து, தானே கையில் எடுத்து வந்தார். தையல் டீச்சர் பட்டையாக வெட்டி, ஓரம் அடித்து, நாடா கோக்கக் காது வைத்துத் தைத்தார். ஒரு பொட்டலத்தில் மூன்று துணி, ஒரு நாடா. உபயோகித்த துணியைப் போட, மூடி போட்ட ஒரு மண்பானை. அதைப் பின்பக்கம் கொண்டுபோய் எரிப்பது என் வேலை என்று நானே ஏற்றுக்கொண்டேன்.

எல்லாம் தயார் செய்து தையல் அறை அலமாரியில் அடுக்கி, வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று வகுப்பு வகுப்பாகப் போய் டீச்சர்கள் சொன்னார்கள். முதல் வாரம் ஒருத்தியும் எடுக்கவில்லை. பெரிய டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. எனக்குத்தான் காரணம் புரிந்தது. தையல் அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தால் முப்பது பேர் பார்ப்பார்கள். சாவி கேட்டு என் முன்னால் நிற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? "டீச்சர், இதைக் கழிப்பறைக்குள்ளயே வெச்சிடலாம். ஒரு பலகை அடிச்சாப் போதும்" என்றேன். ஆசாரி இரண்டு அறையிலும் பலகை அடித்தார். தையல் டீச்சர், எத்தனை போகிறது, யார் எடுக்கிறார்கள் என்று நோட்டு போட வேண்டாமா என்று கேட்டார். "பேர் எழுத வேண்டாம்" என்றார் பெரிய டீச்சர். மறுநாள் இரண்டு பொட்டலத்தைக் காணவில்லை. அந்த வாரக் கடைசியில் பலகை காலி. நானும் தையல் டீச்சரும் காலிப் பலகையைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பரீட்சையில் பாஸான பிள்ளைகள் மாதிரி இருந்தது எங்களுக்கு.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு தகப்பனார் ஒரு பொட்டலத்தைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து பெரிய டீச்சர் மேஜையில் வைத்தார். "இதெல்லாமா ஸ்கூல்ல குடுப்பாங்க? நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று சத்தம் போட்டார். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒங்க பொண்ணுக்கு வேண்டாம்னா இங்கயே வெச்சுட்டுப் போங்கோ. ஆனா மாசாமாசம் அவ ஏன் வரலேன்னு எனக்கு எழுதி அனுப்பணும். நீங்கதான் எழுதணும்" என்றார். அவர் பேப்பரை நன்றாகச் சுற்றிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மலர்க்கொடியை அவள் அம்மாவே கூட்டி வந்தார். பெரிய டீச்சருக்கென்று ஒரு கட்டு நுனியிலை வேறு. அரைப்பரீட்சைக்கு முந்தின வாரம் அது. அவள் அப்பாவிடம் எப்படிப் பேசி முடித்தார் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலர்க்கொடி எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் ஃபெயிலாகி, மறுபடி எழுதி பாஸானாள். கல்யாணமாகித் தொட்டியம் போனாள். அங்கே பால்வாடி டீச்சராக இருக்கிறாள். போன வருடம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு என்னைக் கண்டுபிடித்து ஓடி வந்தாள். அந்த நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, எனக்கும் பேசத் தைரியம் வரவில்லை. "இன்னும் அங்க வைக்கிறீங்களா ஆயாம்மா?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு மாசமும் நின்னதில்லை" என்றேன். குழந்தையை என் கையில் கொடுத்து, பஸ் வரும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னாள். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. குழந்தையைக் கொடுத்தாள், அது தெரியும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மேலதிகாரியோடு சண்டை போடு என்று நான் சொல்லவில்லை. நீ வேலைக்குச் சேர்ந்து வருடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த வரைபடத்தை அப்படியே அனுப்பிவிடாதே. பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டு வரட்டும் என்கிறாரே, வீட்டுக்குப் போகிற பெண்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று மரியாதையாக ஒரு தடவை கேள். அவருக்கும் பெண் குழந்தை இருக்கலாம். என்னைப் போல, யாரும் எடுத்துச் சொல்லாததால் தெரியாமல் இருக்கிறவராக இருக்கலாம். எங்கள் பெரிய டீச்சரும் பூட்டு தொங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு சின்னப் பெண், அதற்கு அவள் கொடுத்த விலை அதிகம். உனக்கு உன் அம்மா சொல்லிவிட்டேன், நீ அவருக்குச் சொல். அவர் மறுத்தால் எழுத்தில் கேள். அதற்கும் மறுத்தால் எனக்கு எழுது, யோசிப்போம். நாளைக்கு உனக்கும் மனைவி வருவாள், பெண் பிறக்கலாம். வீட்டில் கொடிக்கயிறு வெயிலில் இருக்கட்டும். உன் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லு.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் இருக்கும், அதையும் பார். இன்று காலை தையல் டீச்சரிடம் டேப் வாங்கிக்கொண்டு, எங்கள் கழிப்பறையை நானே அளந்தேன். பலகை எவ்வளவு உயரம், தாழ்ப்பாள் எங்கே, கதவுக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று குறித்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எதற்கு என்று கேட்டார்கள். என் மகன் எஞ்சினியர், ஒரு பள்ளிக்கூடம் கட்டப் போகிறான் என்றேன். அவ்வளவுதான், ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். என் கை வேகத்துக்கு எழுத முடியாமல் பேனாவை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஆகையால் தாளில் பாதிக்கு மேல் என் எழுத்து இல்லை. எழுதும்போது ஒருத்தியும் குரலைத் தாழ்த்தவில்லை, ஒருத்தியும் முகத்தை மறைக்கவில்லை என்பதை நீ பார்த்திருக்க வேண்டும். கடைசியில் மூன்று வரிகள் மிகச் சின்ன எழுத்தாக இருப்பதால் நீ விட்டுவிடுவாயோ என்று இங்கேயும் எழுதுகிறேன்:

"எஞ்சினியர் அண்ணா, தாவணி மாட்ட ஓர் ஆணி வேண்டும். ஜன்னலை உயரத்தில் வையுங்கள், வெளிச்சம் வர வேண்டும், ஆள் தெரியக் கூடாது. அந்த ஊர்ப் பிள்ளைகளிடமும் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கட்டுங்கள், எங்களுக்கு மறந்துபோனது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்."

அன்புடன்,
அம்மா